டிரம் ஆப்பிள்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, பந்தியில் இனிப்பு பரிமாறும் நேரம் பார்த்து அப்பா ஒரு கதையை எடுப்பார். கதை மாமாவைப் பற்றியது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. "எங்க மாப்ள ஒரு காலத்துல டிரம்முக்குள்ள ஆப்பிள வச்சு வேக வச்சான். தின்னவன் அத்தன பேரும் வாய் கொப்பளிக்க ஓடினான். எனக்கு மட்டும் ஒரு துண்டுகூடத் தரல. அதனாலதான் இன்னைக்கு ஒங்க முன்னால உக்காந்திருக்கேன்" என்பார். பந்தியே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். கதை முடிவதற்குச் சற்று முன்பே அவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. நானும் வருஷக்கணக்காகச் சிரித்தவள்தான். இப்போதெல்லாம் அந்த இடம் வரும்போது ரசம் கேட்பதுபோல் பக்கத்து வரிசைக்குத் திரும்பிக்கொள்கிறேன்.

அது நடந்த காலத்தில் நாங்கள் வடக்கே தலைநகரில், சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ்த்தளம், இரண்டு அறை, பின்பக்கம் சின்னதாக ஒரு முற்றம். அப்பா ஒரு அமைச்சகத்தில் ரெக்கார்டு செக்‌ஷனில் வேலை பார்த்தார். பழைய ஃபைல்களுக்கெல்லாம் அவர்தான் காவல். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. மற்ற பிள்ளைகள் ஆபீஸ் காகிதத்தில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டு வரும்போது என் நோட்டுகள் மட்டும் காலண்டர் தாளில் சாமி படத்தோடு இருக்கும். ஆபீஸ் குண்டூசி ஒன்று தவறிச் சட்டையில் குத்திக்கொண்டு வந்துவிட்டாலும் மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற ஆள். அம்மா இதைப் பெருமையாகவும் சொல்வாள், தலையில் அடித்துக்கொண்டும் சொல்வாள்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது மாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஊரில் கேட்டரிங் படித்துவிட்டு மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் பிரிவில் இருந்தவர். ஹோட்டல் கை மாறியதில் வேலை போய்விட்டது. முன்னறையில் மடக்குக் கட்டிலில் படுப்பார். அப்பா எழுந்து வருவதற்குள் கட்டில், கம்பளி எல்லாம் மடித்து ஓரமாகப் போயிருக்கும். வீட்டில் இன்னொரு ஆள் தங்கியிருக்கிற அடையாளமே தெரியக்கூடாது என்று பாடுபடுகிறவர்போல் நடந்துகொள்வார். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

அந்த ஹோட்டல் புல்வெளியில் மூடி போட்ட இரும்பு அடுப்பு ஒன்று இருந்ததாம். குளிர்காலத்தில் அதற்குள் பழங்களை வைத்துப் புகையிலேயே வேகவிட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்களாம். வேலை போனாலும் அந்தப் பைத்தியம் மட்டும் மாமாவை விட்டுப் போகவில்லை. பக்கத்துப் பேட்டையான கோட்லாவில் ஒரு வெல்டிங் கடையைப் பிடித்து, பழைய இரும்பு டிரம் ஒன்றைப் படுக்கவைத்து நெடுக அறுத்து, கீல் வைத்து மூடியாக்கி, நான்கு கால் ஒட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முற்றத்தில் அது வந்து உட்கார்ந்ததும் துணி காயப்போடும் கொடிக்கு இடமில்லாமல் போனது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்த முதல் சண்டை அதுதான்.

மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி முதல் நாளே இறங்கி வந்து, "சிக்கன் ஹை கியா?" என்று ஆவலாக எட்டிப் பார்த்தார். உள்ளே ஆப்பிள்கள் இருந்தன. ஆன்ட்டியின் முகம் விழுந்துவிட்டது. மதராசிகள் டிரம் வாங்கி அதற்குள் பழத்தை வைக்கிறார்கள் என்று அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பிளாக் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஆனால் சாப்பிட்டவர்கள் மறுபடி வந்தார்கள். டிரம்மின் ஒரு பக்கத்தில் கரியை மூட்டி, கனிந்த பிறகு அதன்மேல் ஒரு கட்டையை வைப்பார் மாமா. மாமரக் கட்டைதான் வேண்டும். மந்திர் மார்க் பக்கம் பூஜைச் சாமான் கடையில் ஹோமத்துக்கென்று விற்பார்கள். "ஹோமக் கட்டையில ஆப்பிள் வேக வைக்கான், விளங்குமா" என்று அம்மா புலம்புவாள். டிரம்மின் இன்னொரு பக்கத்தில், தீ படாத இடத்தில், தட்டு. அதில் நடுவைக் குடைந்த ஆப்பிள்கள், குடைந்த இடத்தில் வெல்லமும் முந்திரியும் துளி சுக்கும். மேலே மைதாவையும் வெண்ணெயையும் பிசறி உதிர்த்துத் தூவிவிட்டு மூடியைச் சாத்திவிடுவார். அப்புறம் திறக்கவே கூடாது. மூடியில் ஒரு ஓட்டை உண்டு. அதற்கு மேலே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். நான், "மாமா, ஜல்தி" என்று நச்சரிப்பேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டிரம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரோ வீட்டில் ஒண்டியிருக்கிற ஆள் மாதிரி இருக்கமாட்டார்.

மூடியைத் திறந்தால் வரும் வாசனையைச் சொல்ல எனக்கு இன்றும் தெரியவில்லை. வெல்லம் உருகி ஓரத்தில் கருகியிருக்கும். ஆப்பிள் கரண்டி பட்டதும் குழைந்துவிடும். மேலே இருக்கும் தூள் மொறுமொறுவென்று, ஒவ்வொரு வாயிலும் லேசாக மாமரப் புகை. கொய்யாவும் வைப்பார், அன்னாசியும் வைப்பார். எனக்கு ஆப்பிள்தான். அவர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். வீட்டில் அது டிரம் ஆப்பிள் என்றே நிலைத்துவிட்டது.

அப்பா மட்டும் அதைத் தொடமாட்டார். தட்டை நீட்டினால், "எனக்கு வேண்டாம்மா" என்று பேப்பருக்குள் போய்விடுவார். அவருக்கு மாமாவின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான். மாமனார் போன பிறகு அந்தப் பையனுக்கு ஒரு வழி செய்வது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். வழி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆபீஸ், நாற்காலி, மாசக் கடைசியில் சம்பளம். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, ஒரு அலுவலகத்தில் தற்காலிக கிளார்க் வேலைக்கு ஏற்பாடும் செய்துவிட்டார். மாமாவோ மார்க்கெட் ஓரத்தில் டிபன் கடை வைத்திருந்த மதுரைக்காரர் ஒருவரிடம் பேசிவைத்திருந்தார். சாயங்காலம் கடை வாசலில் டிரம்மைப் போட்டுக்கொள்ள இடம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். ஆனால் சனங்கள் இதை வாங்கித் தின்பார்களா என்று முதலில் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

பிப்ரவரியில் காலனிப் பார்க்கில் ஒரு மேளா நடக்கும். வீட்டுக்கு வீடு ஏதாவது செய்து ஸ்டால் போடுவார்கள். மாமா பெயர் கொடுத்தார். அதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது அப்பா நிதானமாகச் சொன்னார்: "மாப்ளே, மேளாவுல நாலு சனம் வாங்கித் தின்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டா, நான் இதப்பத்தி வாயத் தொறக்கமாட்டேன். கடை போடு. இல்லேன்னா திங்கட்கிழம அந்த வேலையில போய்ச் சேந்துரு. சரிதானா?"

"சரி அத்தான்" என்றார் மாமா. அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் மோர் ஊற்றினாள்.

மேளா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. முற்றத்து ஓரத்துக்குக் கூரையாகப் போட்டிருந்த தகர ஷீட் எந்தக் காலத்திலோ ஓட்டையானது. அதன் கீழே வைத்திருந்த கரி மூட்டையும் மாமரக் கட்டைகளும் ஊறிக் கிடந்தன. மாமா காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு விறகுக் கடைக்குப் போனார். அங்கேயும் எல்லாம் ஈரம். கொஞ்சம்போலக் காய்ந்த கரி மட்டும் கிடைத்தது. அந்தக் கரி ஒரு தட்டுக்குக்கூடக் காணாது. வெயில் வந்துவிட்டது, பார்க்கில் ஷாமியானா கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா ஆப்பிள் குடைந்து முடித்துவிட்டாள். மாமா ஈரக் கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

அப்போதுதான் அப்பா வந்தார். மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு சாக்குமூட்டையை இழுத்துவந்து மாமாவின் முன்னால் போட்டார். உள்ளே அழகாக, ஒரே அளவில் அறுத்த பலகைத் துண்டுகள். நல்ல கனம், சொட்டு ஈரமில்லை.

"இது என்ன மரம் அத்தான்?"

"பர்மா தேக்கு. எங்க ரெக்கார்டு ரூம் ராக்கு. வெள்ளக்காரன் காலத்துது. கழிச்சுக்கட்டிட்டு இரும்பு ராக்கு போடுதாவ. இந்த மாதிரி மரம் இனிமே கெடைக்குமா?" என்றார் அப்பா. குரலில் பெருமை பொங்கி வழிந்தது. அதை மறைக்கத் தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பிற்பாடு அம்மா மாமாவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "வெள்ளிக்கிழமையே கொண்டாந்துட்டாவ. ஒங்கிட்ட குடுக்க ஒரே கூச்சம். ஆபீசர் ரூமுக்குள்ள போய் நின்னு கேட்டிருக்காவ, தெரியுமா? தனக்குன்னு இந்த மனுஷன் ஒரு நாளும் அங்க எதையும் கேட்டதில்ல."

மாமா ஒரு பலகையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். நகத்தால் கீறினார். மறுபடியும் முகர்ந்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பையன் மாதிரி எதிரே நின்றுகொண்டிருந்தார். மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நல்ல மரம் அத்தான்" என்றார்.

பார்க்கில் எங்கள் ஸ்டாலுக்கு முன்னால்தான் முதலில் கூட்டம் சேர்ந்தது. டிரம்மே ஒரு வேடிக்கையாக இருந்தது. டிபன் கடைக்காரர் கழுத்தில் மஃப்ளரோடு வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, போவோர் வருவோரிடம், "மை பிரதர் இன் லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மாமா மட்டும் ஓட்டைக்கு மேலே கையை வைப்பதும், குனிந்து புகையை முகர்வதுமாக இருந்தார். புகை வழக்கம்போல வெளுப்பாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சளாக வந்தது.

முதல் தட்டு இறங்கியது. மாடிவீட்டு ஆன்ட்டி கிண்ணத்தை முதலில் வாங்கிக்கொண்டார். அவர்தான் மாமாவின் பெரிய ரசிகையாகிவிட்டிருந்தாரே. ஒரு வாய் போட்டார். அப்படியே நின்றார். பிறகு திரும்பிக்கொண்டு கைக்குட்டையில் துப்பினார். "பையா, இஸ்மே தவாய் கிர் கயி கியா?" மருந்து ஏதும் விழுந்துவிட்டதா என்று, பாவம், அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்தடுத்து நாலைந்து பேர் முகத்தைச் சுளித்தார்கள். யாரோ தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார்கள். டிபன் கடைக்காரர் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

மாமா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். விழுங்கவில்லை. நானும் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். கசப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. தார் மாதிரி, மருந்து மாதிரி ஒரு வாடை. ஆனால் எனக்குப் பழக்கமான வாடை. "மாமா, இது அப்பாவோட ஆபீஸ் ஸ்வெட்டர் மாதிரி ஸ்மெல் வருது" என்றேன்.

மாமா என்னைச் சட்டென்று பார்த்தார். "ஓடிப் போய் ஒரு வாளித் தண்ணி கொண்டா, ஓடு" என்றார். அவர் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. ஓடினேன்.

வாளியோடு திரும்பி வந்தபோது அப்பா டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. ஆனால் கிளம்பிப் போகவில்லை. கையை நீட்டினார். "கொண்டா மாப்ளே, நானும் ஒரு வாய் தின்னு பாக்கேன்" என்றார். அந்தக் குளிர்காலம் பூராவும் வேண்டாம் வேண்டாம் என்றவர் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார்.

மாமா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் அத்தான்."

"பரவால்ல, குடு."

"வேண்டாம்னா விடுங்க அத்தான். தீய நான்தான் சரியா வைக்கல. பதட்டத்துல மூடியத் தொறந்து தொறந்து பாத்துட்டேன். எல்லாம் கருகிப்போச்சு."

அவர் ஒரு தடவைகூட மூடியைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரியும். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு அதை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார். மாமா நான் கொண்டுவந்த தண்ணீரை வாங்கித் தீயின்மேல் ஊற்றினார். இரண்டாவது தட்டுக்கு வைத்திருந்த ஆப்பிள்களை நாங்கள் பச்சையாகவே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். டிபன் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்.

அன்று ராச்சாப்பாட்டின்போது அப்பா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "விடு மாப்ளே. நம்மளுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று மட்டும் சொன்னார். அதில் ஆறுதலும் இருந்தது, தன் கணக்கு தப்பவில்லை என்ற நிம்மதியும் இருந்தது. மாமா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். பிறகு நிரந்தரமானார், பரீட்சை எழுதினார், பெரிய பதவிக்கெல்லாம் போனார். கல்யாணம், நகரின் மறுகோடியில் துவாரகாவில் சொந்த ஃபிளாட், இரண்டு பையன்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அத்தை மட்டும் ஒருமுறை என்னிடம் சொன்னாள், உங்க மாமா அடுப்படிக்குள்ள காலே வைக்கமாட்டார், கேட்டரிங் படிச்சவர்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க என்று.

சில வருஷங்களுக்கு முன்பு என் ஆபீஸில் அடித்தளத்து ரெக்கார்டு ரூமுக்கு ஒரு பழைய ஃபைலைத் தேடிப் போனேன். அங்கே இரண்டு ஆட்கள் மர ராக்குகளுக்குப் பிரஷ்ஷால் கறுப்பாக எதையோ பூசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் என் நாக்கு கசந்தது. மூக்குக்கு வருவதற்கும் முன்னால் நாக்குக்கு வந்துவிட்டது. என்ன இது என்று கேட்டேன். "தீமக் கி தவாய், மேடம்" என்றான் ஒருவன். கரையான் மருந்து. ஃபைல்களைக் கரையான் தின்னாமலிருக்க வருஷா வருஷம் பூசுவார்களாம். பழைய மரமென்றால் உள்ளே வரைக்கும் ஊறிப்போயிருக்குமாம். நான் ஃபைலை எடுக்காமலேயே மேலே வந்து என் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா அந்தப் பலகையை இரண்டு தரம் முகர்ந்ததும், எதிரே அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் கண் முன்னால் வந்து நின்றன.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, அன்னிக்கு மேளாவுல அந்தக் கட்டை..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு? அப்பா மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுதாவளா?" என்றார். போடுகிறார் என்றேன். அதற்குமேல் எனக்குக் கேட்க வரவில்லை. அழுகைதான் வந்தது.

சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸை எல்லாம் இடித்துவிட்டார்கள். எங்கள் பிளாக் இருந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் வந்துவிட்டன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் சமையலறைப் பரண்தான் ஞாபகம் வரும்.

மேளாவுக்கு மறுநாள் காலை, முதல் நாள் வேலைக்குப் போவதற்காகத் தலை சீவிக்கொண்டு தயாராக நின்ற மாமாவிடம் அப்பா, "அந்தத் தேக்கு மிச்சம் இருக்கா மாப்ளே? ஒரு மணை பண்ணலாமேன்னு பாத்தேன்" என்று கேட்டார். "எல்லாம் எரிஞ்சுபோச்சு அத்தான்" என்றார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அப்பா எழுந்திருப்பதற்கு முன்னால் மாமா சாக்கில் பாதிக்குமேல் மிஞ்சியிருந்த பலகைகளைப் பரணில் ஏற்றி, குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களை வைத்த பெட்டிக்குப் பின்னால் தள்ளியதை நான் பார்த்திருந்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா தோற்றுப்போகவில்லை, அடுத்த குளிர்காலத்துக்குக் கட்டை சேர்க்கிறார், மறுபடி டிரம் ஆப்பிள் உண்டு என்று நினைத்தேன்.

அடுத்த குளிர்காலமும் வந்தது. டிரம்மைப் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன் எப்போதோ எடுத்துப்போய்விட்டிருந்தான். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் துறைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய் அவர் காதில் சொன்னேன்: "மாமா, கட்டை எல்லாம் மேலயே இருக்கு. நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். என் தலையில் கையை வைத்து, "சொல்லாத, என்ன? எப்பவுமே சொல்லாத" என்றார்.

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். இன்றுவரைக்கும் அதைக் காப்பாற்றித்தான் வருகிறேன். அன்றைக்கு மட்டும், ஆப்பிளுக்காகக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.